அம்மா பெயரில் ஒரு டெஸ்ட்

அக்கா திரும்ப வேலையைத் தொடங்கிய திங்கட்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் கிடந்த அம்மாவின் மருந்து டப்பாக்களை ஒரு பையில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. அந்த மேசையில்தான் அக்கா மடிக்கணினியை வைத்தாக வேண்டும். எங்கள் வீட்டில் வேறு எங்கே உட்கார்ந்தாலும் சார்ஜர் எட்டாது.

"லீவு இன்னும் இருக்குன்னு சொன்னியே" என்றார் அப்பா.

"இருக்குப்பா. ஆனா வெள்ளிக்கிழமை புது சாஃப்ட்வேர் ரிலீஸ். நான் சரின்னு சொன்னாத்தான் வெளிய போகும்."

"வேற யாராவது சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். அப்புறம் தப்பு வந்தா யார் தலையில விழும்? அதனால யாரும் சொல்ல மாட்டாங்க."

அப்பா, அம்மாவின் கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். அம்மா போன பிறகு அவர் தவறாமல் செய்யும் ஒரே வேலை அதுதான். கேட்டால், "விஷயம் தெரியாதவங்க யாராவது கூப்பிடுவாங்க, சொல்லணும்ல" என்பார். இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

அக்காவின் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததுதான். ஓய்வு பெற்றவர்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் ஓர் அலுவலகத்துக்கு அவள் கம்பெனி மென்பொருள் எழுதிக் கொடுக்கிறது. எழுதுகிறவர்கள் வேறு. எழுதியதைத் தட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்பவள் அக்கா. மாமியார் வேலை என்று அம்மா அதற்குப் பெயர் வைத்திருந்தாள். "அடுத்தவ செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கச் சம்பளமா? இது தெரியாம நான் வீட்டுலயே இலவசமாப் பண்ணிட்டு இருந்தேனே!"

தட்டிப் பார்க்க ஒரு குடும்பம் வேண்டும். நிஜமாக ஓய்வூதியம் வாங்குகிறவர்களின் விவரங்களைத் தொடக் கூடாது. அதனால் அக்கா ஆரம்பத்திலேயே எங்கள் வீட்டை அதில் ஏற்றிவிட்டாள். ஓய்வூதியம் வாங்குபவர் அம்மா, கணவர் அப்பா, மகள்கள் நாங்கள். கைபேசி எண்கள்கூட எங்களுடையவைதான். கணினிக்குள் இருக்கும் அந்த அம்மா வீடு மாறுவாள், வங்கியை மாற்றுவாள், உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுப்பாள். கடைசியில் இறந்து போவாள். அவள் இறந்ததும் அவளுக்குப் போகும் பணம் நின்று, அப்பாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்க வேண்டும். இத்தனையும் தினமும் காலையில் தானாகவே ஓடும். ஒழுங்காக ஓடினால் பச்சை, எங்காவது இடறினால் சிவப்பு.

ஆகவே தினமும் காலையில் அப்பாவின் கைபேசிக்கு ஒரு செய்தி வரும். தங்கள் துணைவியார் இறந்தது பதியப்பட்டது, ஓய்வூதியக் கணக்கின் உள்ளே நுழைய இந்த எண்ணைப் போடவும் என்று. அப்பா சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்துவார்.

"இங்க பாரு, நீ போயிட்டியாம்!"

"போறேன், போறேன். பால் பொங்குது, இறக்கி வெச்சுட்டுப் போறேன்."

அப்படித்தான் சிரித்துக்கொண்டு இருந்தோம். பிறகு அம்மா மருத்துவமனைக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள், வரவில்லை. அந்த நாட்களில் அப்பாவின் கைபேசிக்கு அந்தச் செய்தி வருகிறதா இல்லையா என்று பார்க்க யாருக்குத் தோன்றும்?

அக்கா உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே அவளுடைய டீம் லீட் கூப்பிட்டார். அலுவலகத்தில் அவருக்கு 'ஆமா சார்' என்று பெயர். வாடிக்கையாளர் நிலாவில் ஒரு கிளை திறக்க வேண்டும் என்று கேட்டாலும், ஆமா, என்றைக்கு வேண்டும் என்பாராம். அன்றைக்கு அவர் குரல் பஞ்சில் சுற்றி வைத்த மாதிரி வந்தது.

"நீ எதுக்கும் அலட்டிக்காதம்மா. எல்லாம் பச்சையா இருக்கு. ஒரு தடவை பார்த்துட்டு சரின்னு ஒரு வார்த்தை போட்டுடு. அப்புறம் வேணும்ங்கிற வரைக்கும் ரெஸ்ட் எடு."

"பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன். திரை முழுக்கப் பச்சைக் கோடுகள். பார்க்கவே நிம்மதியாக இருந்தது. அக்காவும் ஒரு வாய் குடித்தாள். பிறகு ஏதோ உறுத்த, விரலால் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போனாள். அங்கே சாம்பல் நிறத்தில் சில வரிகள் கிடந்தன.

"இதெல்லாம் என்னக்கா?"

"ஓடாம நிறுத்தி வெச்சது." அவள் முகம் மாறியது. "யாரோ வேணும்னே நிறுத்தியிருக்காங்க."

மென்பொருளை எழுதுகிறவர்களில் ஒருத்தியான தோழியைக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை, குரலைத்தான் தெரியும். வாயாடி என்றுதான் அக்கா அவளைக் கூப்பிடுவாள். ஆனால் அன்றைக்கு வாயாடிக்கு வாய் வரவில்லை.

"சாவு டெஸ்ட்டை எல்லாம் யாருடி நிறுத்தினது?"

"..."

"உன்னைத்தான் கேக்கறேன்."

"நாங்க எல்லாரும் பேசித்தான்டி பண்ணினோம். நீ திரும்பி வந்து திரையைத் தொறந்தவுடனே, அம்மா பேரு, அதுக்குப் பக்கத்துல அந்த வார்த்தை... எப்படிடி பார்ப்ப? பேரை மாத்திடலாம்னுதான் முதல்ல பார்த்தோம். மாத்தினா பாதி டெஸ்ட் சிவப்பாகி விழுந்துடுது. எங்க தொட்டாலும் உங்க வீடுதான் இருக்கு."

"அதனால மூடி வெச்சுட்டீங்க."

"உனக்குத் தெரிய வேண்டாம்னு..."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க. மாமியார்கிட்டயே!"

வாயாடி லேசாகச் சிரித்தாள். உடனே அழுதுவிட்டாள். அங்கே அவள் அழ, இங்கே அக்கா சமாதானம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "சரி விடுடி. நல்லதுக்குத்தானே பண்ணினீங்க. விடு. நான் இல்லாதப்ப அந்தப் பக்கம் ஏதாவது மாத்தினீங்களா?"

"மெசேஜ் அனுப்புற இடத்தைக் கொஞ்சம் மாத்தினோம். சின்ன விஷயம்தான்."

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அக்கா திரையைப் பார்த்தபடி இருந்தாள். சாம்பல் வரிகளை அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. எல்லாம் பச்சை. அவளை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால், அம்மாவின் பெயரை எடுத்து, இறந்தார் என்ற கட்டத்தில் அவளே குறி போட வேண்டும். இன்றைய தேதியோடு.

"நான் அழுத்தட்டுமாக்கா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று தோன்றியது.

"வேண்டாம். நீ இங்கயே இரு."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா போன அன்றிலிருந்து அக்கா அழுது நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், மருத்துவமனைக் கணக்கை முடித்தாள், அப்பாவைச் சாப்பிட வைத்தாள். இப்போது ஒரு பொத்தானுக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லி அழுத்தினாள்.

திரையில் கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டே வந்தன. பணம் நின்றது, பச்சை. அப்பா பெயர் ஏறியது, பச்சை. அடுத்த வரி சுற்றிக்கொண்டே நின்றது.

அந்த நேரத்தில் அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் அம்மாவின் கைபேசி. அதைக் கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்த மாதிரி பிடித்திருந்தார்.

"அவ போனுக்கு மெசேஜ் வந்திருக்கு."

"கண்ட கம்பெனிக்காரனும் அனுப்புவான்பா" என்றேன்.

"இல்ல. நீங்க இறந்துட்டீங்க, உள்ள வர இந்த நம்பரைப் போடுங்கன்னு இருக்கு." கைபேசியை எங்கள் பக்கம் நீட்டினார். "அவளுக்கே சொல்றான். செத்துப் போனவளுக்கு."

திரையில் சுற்றிக்கொண்டிருந்த வரி சிவப்பானது. அக்கா எழுந்து அப்பாவின் கையிலிருந்து கைபேசியை வாங்கிப் படித்தாள். படித்ததும் அவள் முகத்தில் இருந்த அழுகை எங்கேயோ போய்விட்டது. வேலை பார்ப்பவளின் முகம் வந்துவிட்டது.

"இது உங்க போனுக்கு வரணும்ப்பா. அம்மா போனுக்குப் போகக் கூடாது."

ஆமா சாரை அவளே கூப்பிட்டாள். மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் பேசியதால் எனக்கும் கேட்டது.

"சார், நான் சரி சொல்ல முடியாது."

"ஏம்மா, எல்லாம் பச்சைதானே?"

"நிறுத்தி வெச்சதை ஓட்டிட்டேன். ஒருத்தர் இறந்தா, உள்ள நுழையற நம்பர் இறந்தவங்க போனுக்கே போகுது."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "அது... அடுத்த ரிலீஸ்ல சரி பண்ணிக்கலாமே. வெள்ளிக்கிழமைன்னு அவங்ககிட்ட ஆமான்னு சொல்லிட்டேன்."

"சார், மனைவி செத்து ஒரு மாசம் ஆன ஒரு பெரியவரை நினைச்சுப் பாருங்க. பணத்துக்கு உள்ள போகணும். நம்பர் அந்தம்மா போனுக்குப் போகுது. அந்தப் போன் எங்க இருக்கும்? எல்லா வீட்டுலயும் அதைச் சார்ஜ் போட்டு வெச்சிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ இந்த நேரத்துல இதை ஓட்டியிருக்க வேண்டாம்மா" என்றார் ஆமா சார். இப்போது குரலில் பஞ்சு இல்லை. "சரி. வியாழக்கிழமைக்குள்ள திருத்த முடிஞ்சா வெள்ளிக்கிழமை. முடியலைன்னா இல்லைன்னு நான் சொல்லிக்கறேன்."

"நீங்களா சார்?"

"சொல்லிப் பழகணும்ல."

அடுத்த மூன்று நாட்களும் வாயாடியின் குரல் எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே குடியிருந்தது. அவள் திருத்தி அனுப்புவாள், அக்கா ஓட்டுவாள், வேறு எங்காவது சிவப்பு வரும், இருவரும் திட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா இறந்தாள். முதல் நாள் அக்கா அழுத்தும்போதெல்லாம் கண்ணை மூடினாள். மறுநாள் மூடவில்லை. அதற்காகவும் அன்று மாலை தனியாகப் போய் குளியலறையில் அழுதாள். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள். ஆனால் எங்கள் வீட்டுக் குழாயில் அந்த அளவுக்குத் தண்ணீர் வராது.

வியாழக்கிழமை பிற்பகல் அப்பாவின் கைபேசி ஒலித்தது. அக்கா கையை உயர்த்தி, "வந்துடுச்சா?" என்றாள். திரையில் கடைசி வரி பச்சையாகியிருந்தது. வாயாடி அந்தப் பக்கம் கூச்சல் போட்டாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியை முழுவதும் படித்தார். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"சரியா வருதா?"

"சரியா வருதுப்பா."

"இனிமே தினமும் வருமா?"

அக்கா திரையிலிருந்து திரும்பினாள். "காலையில ஓடும்ப்பா. நிறுத்த முடியாது. நிறுத்தினதாலதான் இவ்வளவும்."

"ஓடட்டும். என் நம்பரை மட்டும் எடுத்துடு. ஒரு தடவை தெரிஞ்சுகிட்டது போதும்."

அக்கா உடனே அப்பா, அம்மா இருவரின் எண்களையும் எடுத்துவிட்டு, ஆபீஸ் கைபேசி ஒன்றின் எண்ணைப் போட்டாள். ஆனால் பெயர் அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆமா சார் பேரை வெச்சுடலாமா?" என்றாள் வாயாடி. "அவர் சாகவும் ஆமான்னுதான் சொல்லுவார்."

"சும்மா இருடி. என் பேரையே வெச்சுக்கறேன்."

"வெச்சுப் பாரு" என்றார் அப்பா. "கல்யாணம் ஆகாத பொண்ணு, பேச்சைப் பாரு." கொஞ்ச நேரம் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அதுல நான்தானே அவளுக்குப் புருஷன்?"

"ஆமாப்பா."

"அப்ப எங்களை இடம் மாத்திப் போடு. பென்ஷன் எனக்கு வரட்டும். நான் போயிடறேன். அவ இருக்கட்டும்."

அக்கா மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா, அப்படிப் போட்டா தினமும் காலையில நீங்க சாகணும்."

"செத்துட்டுப் போறேன். எனக்கென்ன ஆபீஸா இருக்கு?"

அக்கா முடியாது என்றாள். அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று நானும் சொன்னேன். அப்பா பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முன்னால் நான் போக வேண்டும் என்று வேண்டியது நிஜத்தில் பலிக்கவில்லை, அந்தப் பெட்டிக்குள்ளாவது பலிக்கட்டுமே என்றார். கடைசியில் வாயாடிதான் அந்தப் பக்கத்திலிருந்து, "ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானேடி, இடம் மாத்தினா எதுவும் விழாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா எழுவதற்கு முன்பே அப்பா மேசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா வந்து மடிக்கணினியைத் திறந்தாள். அடிவரைக்கும் தள்ளிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு வரிகூட இல்லை.

"என்னாச்சு?" என்றார் அப்பா.

"எல்லாம் பச்சைப்பா."

"பணம்?"

"அம்மா கணக்குக்குப் போக ஆரம்பிச்சாச்சு."

"முழுசாவா?"

"இல்லப்பா, குடும்ப ஓய்வூதியம்னா பாதிதான். அதுதான் விதி."

அப்பாவின் நெற்றி சுருங்கியது. "பாதியா? பாதியில அவ எப்படிச் சமாளிப்பா?"

"சமாளிச்சுடுவாங்கப்பா" என்ற அக்கா, மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, ஆமா சாருக்குச் சரி என்று எழுதி அனுப்பினாள்.