முதல் 'ஆச்சு'

தினமும் காலையில் போனில் வரும் குறுக்கெழுத்தை முடித்தவர் எங்கள் அரட்டைக் குழுவில் 'ஆச்சு' என்று போட வேண்டும். எங்கள் ஐந்து பேருக்கும் அதுதான் வழக்கம். முதலில் போடுகிறவருக்குப் பரிசு ஒன்றும் கிடையாது. அன்று முழுக்க மற்றவர்களைக் கிண்டலடிக்கும் உரிமை மட்டும் உண்டு. பெரும்பாலும் அதை டீச்சர்தான் தட்டிக்கொண்டு போவார். நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஷட்டரைத் தூக்கி, ஃப்ரேம்களைத் துடைத்து வைத்துவிட்டுப் போனைத் திறந்தால், அவருடைய 'ஆச்சு' அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். கூடவே எனக்கென்று தனியாக ஒரு குத்தல்: "கண்ணாடிக்காரிக்கு இன்னும் கண்ணு தெரியலையா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. டீச்சர் பள்ளியில் கணக்கு எடுக்கிறார், தங்கையோடு இருக்கிறார் என்பது வரைதான் தெரியும். புற்றுநோய் என்பதையும் அவரே விடைகளுக்கு நடுவில் சொன்னார்.

"மார்புல கட்டி. ஆபரேஷன் முடிஞ்சது, அடுத்து கீமோ. யாரும் ஒப்பாரி வைக்காதீங்க. இன்னிக்கு ரெண்டாவது குறிப்பு படு மட்டம்."

நாங்கள் ஒப்பாரி வைக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தோம். டீச்சரை விட்டுவிட்டு நாலு பேரும் இன்னொரு குழு ஆரம்பித்தோம். பஸ் ஓட்டும் டிரைவர் அண்ணன் யோசனை சொன்னார்: டீச்சர் 'ஆச்சு' போடும்வரை யாரும் போடக் கூடாது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மருந்து ஏற்றும் நாட்களில் அவர் முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். காலையிலேயே முடித்துவிட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன். அவர் போட்டதும் எல்லோரும் வரிசையாக, "சூப்பர் டீச்சர்", "உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல" என்று பாடுவோம். கிண்டல் நின்றுபோனது. டீச்சரிடமிருந்து எனக்கு வரும் குத்தலும் நின்றுபோனது. குழு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் டிரைவர் அண்ணன் சொதப்பினார். டிப்போவில் வண்டி எடுக்கும் அவசரத்தில் தட்டியது தப்பான குழுவுக்குப் போய்விட்டது. "டீச்சருக்கு இன்னிக்கு கீமோ. வழக்கம் போல யாரும் முந்திடாதீங்கப்பா."

அழிப்பதற்குள் டீச்சர் பார்த்துவிட்டார். குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்சோம்" என்று டிரைவர் அண்ணன் போனில் அழாக்குறையாகக் கேட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

முகம் தெரியாத ஒருவருக்காக மனசு இப்படி அடித்துக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கண் சோதிக்கும்போதும் ஒரு கண் போன் மேலேயே இருந்தது. "ஏம்மா, எனக்கு வலது கண்ணுதான் மங்கல். நீ இடது கண்ணுக்கே லென்ஸ் மாத்தி மாத்திப் போடுறியே" என்று ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார்.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் போன் செய்தேன். தங்கை எடுத்து அவரிடம் கொடுத்தார். வகுப்பே அதிரும் குரலை நான் நினைத்து வைத்திருந்தேன். வந்தது கம்மிப்போன சின்னக் குரல்.

"டீச்சர், எங்களை மன்னிச்சு..."

"அதெல்லாம் வேண்டாம். கேளு. நாக்குல ருசி போச்சு, முடி போச்சு, பள்ளிக்கூடம் போக முடியல. காலையில கண்ணு முழிச்சா உன்னை முந்தணும்னு ஒரு வெறி இருக்கும் பாரு, அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதையும் பிச்சையா போட்டுட்டீங்களேடி."

"திரும்பி வாங்க டீச்சர். இனிமே விட்டே கொடுக்க மாட்டேன்."

"நெஜமா?"

"நெஜமா. மானத்தை வாங்கிடறேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மறுநாளே திரும்பி வந்தார். நானும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். "ஆச்சு! டீச்சர் இன்னும் அனா ஆவன்னாவுலயே இருக்காங்களா?" உடனே பதில் வந்தது: "ரொம்ப ஆடாதே." அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் நான் தினமும் ஜெயித்தேன். அவருடைய 'ஆச்சு' இருட்டிய பிறகு வந்தது. அப்புறம் மறுநாள் வந்தது. சில நாள் வரவே இல்லை. ஒரே ஒரு தடவை பொறுத்துப் போடலாமா என்று விரல் தயங்கும். தயங்கிவிட்டுப் போட்டுவிடுவேன். ஜெயிப்பது இவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியாது.

நேற்று குழுவில் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. விரல் மரத்துப்போய்ப் போனில் தட்ட முடியவில்லையாம். தங்கை அச்செடுத்துக் கொடுத்த தாளில், நடுங்கும் பென்சில் எழுத்தில் பாதிக் கட்டம் நிரம்பியிருந்தது. கீழே தங்கை தட்டியிருந்தார்: "மிச்சத்தை நாளைக்குப் போடறாங்களாம். எவளாவது விடை சொன்னா தொலைச்சுடுவாங்களாம்."

யாரும் சொல்லவில்லை.

இன்று புதுக் கட்டம் வந்தது. முடித்தேன். வாக்குக் கொடுத்தபடி 'ஆச்சு' போட்டேன். கடையில் கூட்டம் இல்லை. கவுண்டர் மேல் போனை வைத்து, நேற்றைய போட்டோவில் காலியாக இருந்த இடங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லா விடையும் எனக்குத் தெரியும்.

"சீக்கிரம் வாங்க டீச்சர்" என்று வாய்விட்டே சொன்னேன். "வந்து என்னைத் தோக்கடிங்க."