முந்திப் போன பெட்டி

மூக்கிலிருந்து வால் வரை பெரிய கம்பெனியின் வண்ணம்தான். டிக்கெட்டிலும் அவர்கள் பெயர்தான். ஆனால் அந்தக் குட்டி விமானம் தாமதமானால் மட்டும், "அது எங்களுது இல்லையே, துணை நிறுவனம்" என்று கையை விரித்துவிடுவார்கள். மாற்றாந்தாய்ப் பிள்ளையின் பிழைப்பு! துணை நிறுவனத்தின் தரைப்பணி மேற்பார்வையாளரை எல்லோரும் அக்கா என்பார்கள். அவளுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

அன்று மாலை மழையால் விமானம் தாமதமாகத்தான் இறங்கியது. முதல் ஆளாக ஒரு தச்சர் ஓடிவந்தார். அடுத்து பெரிய விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் அவர் ஒருவரே.

"நாளைக்குக் காலையில என் பொண்ணுக்கு இதய ஆபரேஷன்மா. அப்பா வந்தாதான் உள்ள போவேன்னு அடம்பிடிக்கிறா. இதை விட்டா வேற பிளைட் இல்லையாமே?"

அக்கா உடனே வாக்கிடாக்கியில் பெரிய கம்பெனியின் கேட் அதிகாரியைப் பிடித்தாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க சார். உங்க டிக்கெட் வாங்கினவர்தான்."

"உங்க பிளைட் லேட்டானா அது உங்க தலைவலி. நேரத்துக்குக் கதவைச் சாத்திடுவேன்."

அப்படியா சேதி! இனிக் கெஞ்சிப் பயனில்லை. ஆளென்றால் சோதனை வரிசைகளையெல்லாம் தாண்டிச் சுற்றித்தான் போக வேண்டும். பெட்டிக்கு விமானங்கள் நிற்கும் தளத்தின் வழியாக நேர்வழி உண்டு. அவள் சாமான் வண்டி ஓட்டும் மாமாவைக் கூப்பிட்டாள்.

"மாமா, இந்தத் தச்சரோட நீலப் பெட்டியை மட்டும் முதல்ல கொண்டுபோய்ப் பெரிய விமானத்துல ஏத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

பெட்டியில் தொங்கிய அட்டையில் பெரிய கம்பெனியின் பெயர். அங்கே மறுபேச்சில்லாமல் ஏற்றிக்கொண்டார்கள்.

அக்கா தச்சரை இழுத்துக்கொண்டு தலைதெறிக்க ஓடினாள். கேட்டில் அதிகாரி கதவருகே நின்று வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டிருந்தார். எதிர்முனையில் சாமான் ஏற்றுபவரின் குரல் அவளுக்கும் கேட்டது.

"ஆள் ஏறாம பெட்டி மட்டும் போகக் கூடாது சார். அதைத் தேடி இறக்கணும்னா பாதிச் சாமானை வெளியே எடுக்கணும். அரை மணி ஆயிடும்."

அதிகாரி அக்காவை முறைத்தார். "யாரைக் கேட்டு ஏத்துனீங்க?"

"உங்க பேர் போட்ட பெட்டி சார். நாங்க யாரு தடுக்க?" என்றாள் அக்கா, மூச்சு வாங்கியபடி.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வழிவிட்டார். தச்சர் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அதெல்லாம் அப்புறம்ணே! பொண்ணு காத்துக்கிட்டிருக்கா, ஏறுங்க!"