மனுவில் எழுதாத படிப்பு

மாத்திரை பேக்கிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் மனுவில் சொன்னது ஒரே ஒரு பொய். வேதியியலில் முதுகலை முடித்தவள், 'பத்தாம் வகுப்பு' என்று எழுதிக் கொடுத்தாள். அதற்கு முன் நாலு கம்பெனி ஏறி இறங்கியவள், பாவம், வேறென்ன செய்வாள்? "இவ்வளவு படிச்சவங்க இங்க நிலைக்க மாட்டீங்கம்மா" என்று நாலு இடத்திலும் பேசிவைத்ததுபோல் சொன்னார்கள். படிக்காவிட்டால் வேலை கிடைக்காது என்று அப்பா படிக்க வைத்தார். படித்ததால் கிடைக்கவில்லை. இதில் யார் சொன்னது சரியென்று இரண்டு வருஷமாக அவளுக்குப் பிடிபடவில்லை.

இன்று காலை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"மருந்தைச் சோதிச்சுப் பார்க்கறதுக்கு வேதியியல் படிச்ச பொண்ணு வேணும்னு மூணு மாசமா தேடறேன். ஒருத்தரும் வரல. படிச்சுட்டு வீட்டுல உக்காந்துக்கறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

சொன்னால் பொய்க்காரி, இருக்கிற வேலையும் போகும். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் அட்டைப்பெட்டிதான்.

"நான் இருக்கேன் சார்."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். மேனேஜர் அவள் மனுவைத் தேடி எடுத்தார்.

"பத்தாவதுன்னு போட்டிருக்கே."

"முழுசா எழுதியிருந்தா எடுத்திருப்பீங்களா சார்?"

"மாட்டேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார் மனுஷன். பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. விறுவிறுவென்று பேக்கிங் அறைக்குப் போனார். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

"படிப்பை மறைச்சு வேலைக்குச் சேர்ந்தவங்க இன்னும் யாரு? மரியாதையா இப்பவே எழுந்திருங்க."

பன்னிரண்டு பேரில் முதலில் டேப் ஒட்டும் அக்கா எழுந்து, இலக்கியம் என்றார். பக்கத்து மேஜைக்காரி, கணிதம். அடுத்தவள் பொருளாதாரம். கூட்டிப் பெருக்குகிறவரும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றார். இன்னும் இரண்டு பேர் எழ, அவளையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர்.

யாரைத் திட்டுவதென்று மேனேஜருக்குத் தெரியவில்லை. மதியம் லாரி வந்துவிடும்; இவர்களை அனுப்பிவிட்டால் பெட்டி கட்ட ஆள் ஏது? "எல்லாரும் உக்காருங்க" என்றார்.

அவள் மட்டும் நின்றாள். "நான் எங்க சார் உக்காரணும்?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்னிக்குப் பழைய இடத்துலயே உக்காருங்கம்மா. லாரி போகட்டும்."

வேலை கிடைத்ததா, போனதா என்று தெரியாமலே அவள் அடுத்த பெட்டியை மடித்தாள்.