நாற்பத்தொன்றாம் எண் டயப்பர்

நாற்பத்தொன்றாம் எண் குழந்தை யாருடையது என்று அந்த ஆய்வகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

நான்கு மாதக் குழந்தைகளின் டயப்பரிலிருந்து மலத்தைச் சுரண்டியெடுத்து, குடலில் என்னென்ன வைரஸ் குடியிருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. மூக்கைப் பொத்திக்கொண்டு செய்கிற வேலையல்ல; மூன்று வருடமாக ஆசையாகச் செய்தாள். மனித உயிரணுவில் புகுந்து பெருகும் வைரஸ், தாய்ப்பால் குடித்த பிள்ளைகளிடம் குறைவாகவும் புட்டிப்பால் குடித்ததுகளிடம் அதிகமாகவும் தெரிந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக முரண்டு பிடித்தது நாற்பத்தொன்றுதான். படிவத்தில் ‘தாய்ப்பால் மட்டும்’. சோதனையிலோ வைரஸ் மண்டிக் கிடந்தது.

“மாதிரி கெட்டுப்போயிருக்கும். தூக்கிப் போட்டுடுங்க,” என்றார் தலைமை ஆய்வாளர்.

மாதிரியாவது கெடுவதாவது! படிவம்தான் பொய். வேலைக்குத் திரும்பியதும் அவளுக்குப் பால் குறைந்துபோய், பகலெல்லாம் பிள்ளைக்குப் பவுடர் பால்தான். படிவம் நிரப்பிய அன்று, மூன்று பிள்ளைக்கும் இரண்டு வயதுவரை கொடுத்தேன் என்று பீற்றிக்கொள்ளும் நாத்தனார் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஊருக்கெல்லாம் வாய் கிழியத் தாய்ப்பால் உபதேசம் செய்த இவள், தலை குனிந்தபடி பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் மட்டுமா? அத்தனை படிவங்களும் வீட்டுக் கூடத்தில், சொந்தபந்தம் சூழ்ந்திருக்க நிரப்பியவை. எத்தனை பேர் வெட்கத்துக்குப் பொய் எழுதினார்களோ! அதை நம்பி அறிக்கை போனால் மூன்று வருடப் பாடும் பாழ். அவள் நேரே அவர் அறைக்குப் போனாள்.

“சார், அது என் பிள்ளை. படிவத்துல நான்தான் பொய் எழுதினேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லாமலே இருந்திருக்கலாமே?”

“இருந்திருக்கலாம். நீங்களும் நல்ல மாதிரியைக் குப்பையில போட்டிருப்பீங்க. எல்லா அம்மாக்களையும் தனியா வெச்சுத் திரும்பக் கேக்கணும் சார். நானே கேக்கறேன்.”

“நூத்தியிருபது பேரையுமா? அறிக்கைக்குப் பத்து நாள்தான் இருக்கு.”

“பத்து நாள் போதும்.”

அவர் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினார்.

முதலில் ஏழாம் எண்ணின் தாயை அழைத்தாள்.

“தாய்ப்பால் மட்டும்தான்னு அன்னிக்கே சொன்னேனே!” வெட்டிப் பேசினாள் அந்தப் பெண். பின்னால் யாரோ, “யாருடி போன்ல?” என்றார்கள்.

“யாரும் இல்லாத இடத்துக்குப் போம்மா. நான் காத்திருக்கேன்.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“நானும் அப்படித்தான் எழுதினேன்மா. பொய். என் பிள்ளைக்குப் பகல்ல புட்டிதான்.”

மறுமுனையில் அழுகை வெடித்தது.

“எனக்குப் பாலே வரலைக்கா. ஒரு நாள்கூட வரலை. எம் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமா?”

“ஒண்ணும் ஆகாது. வைரஸ் இருக்கறது வேற, நோய் வேற. உன் பிள்ளை கொழுகொழுன்னு இருக்கான், நானே பாத்தேன்.”

“நாலு மாசமா எல்லாரும் கேக்கறாங்கக்கா,” என்றாள் அவள் விசும்பிக்கொண்டே. “கதவைச் சாத்திட்டு வான்னு யாருமே சொல்லலை.”