நீச்சல் குளமும் கரப்பானும்

மனித குலத்தை நோயிலிருந்து காக்கும் பொறுப்பு தலைமுறைக்கு ஒருமுறை யாராவது ஒரு மாமனிதரின் தோளில் வந்து விழுகிறது. 2007இல் அது தெலுங்கு நகரமொன்றின் கச்சிபௌலிப் பகுதியில், ஒரு பதினான்கு மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் ஜெயச்சந்திரனின் தோளில் விழுந்தது. அவர் காத்தது நீச்சல் குளத்தை. எதிரி, மூன்றாம் மாடி சாருலதாவின் மகன் ஹர்ஷா, வயது எட்டு.

ஹர்ஷாவுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான், அதாவது எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு. பாதி நீச்சலில் விசிலடித்து அவனை வெளியேற்றினார் ஜெயச்சந்திரன். "பரவற வியாதிம்மா. நம்மளோடது வேர்ல்ட் கிளாஸ் பூல்."

"ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டார் சார்" என்றாள் சாருலதா.

"காரணம் தெரியாம எப்படி விடறது?"

அன்றிலிருந்து பையன் முழுக்கைச் சட்டை இல்லாமல் கீழே இறங்கவில்லை. குளத்துக்குக் கூப்பிட்டால், "நேனு ரானு" என்று தெலுங்கில் மறுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

சாருலதா காரணங்களைப் படித்தாள். வஞ்சம் தீர்க்கவென்று தோல்நோய் படித்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். உடல்வாகிலேயே வருவது ஒன்று, ஹர்ஷாவுடையது அதுதான். காலில் ரத்தம் தேங்கி வருவது, ஓயாத சோப்பும் தண்ணீரும் தோலை அரித்து வருவது, ஒவ்வாத பொருள் பட்டு வருவது என்று இன்னும் இருந்தன. இவற்றில் எதுவும் அடுத்தவருக்கு ஒட்டாது. படித்துவிட்டு, எதிராளியின் தோலைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

கடவுள் இருக்கிறார். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஜெயச்சந்திரன் மூக்குக்குக் கீழே கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு வந்தார். மேலுதடு வீங்கி நீர் கசிந்தது.

சாருலதா எழுந்தாள். "சார், அது என்ன?"

"ஸ்ட்ரெஸ்மா. யு.எஸ். கால்ஸ்."

"மூக்குக்குக் கீழ மட்டும் கோடு போட்ட மாதிரியா? காரணம் தெரியாட்டா உள்ளே விடக் கூடாதே. ரூல் உங்களோடதுதானே?"

"ஹவ், கரெக்ட்" என்று அந்த ஊர் பாணியில் ஆமாம் போட்டது பின்வரிசை. முன்வரிசை நாற்காலிகள் மெல்லப் பின்னால் நகர்ந்தன.

ஜெயச்சந்திரன் குரலைத் தாழ்த்தினார். "பையன் நாளைக்கே குளத்துல இறங்கட்டும்மா. விட்டுடுங்க."

"இறங்குவான். நீங்க காரணத்தைச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

அவளுக்குக் காரணம் பார்த்தவுடனே தெரிந்துவிட்டிருந்தது. ஐம்பத்தாறு வயதிலும் நரைக்காததற்கு மூச்சுப் பயிற்சியே காரணம் என்று அவர் ஞாயிறுதோறும் வகுப்பெடுத்து வந்தார். அந்த வகுப்பு மொத்தமும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தது.

ஜெயச்சந்திரன் கைக்குட்டையை எடுத்தார். மீசைக்கு டை அடிப்பதாகச் சொன்னார்.