கூவையோடைக் கருங்காலி

கல்லூரிச் செயலாளர் மகாராஜா கையெழுத்துப் போட்டுக்கொண்டேதான் யாரிடமும் பேசுவார். அன்றைக்கு மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு முத்துவடிவைப் பார்த்துச் சிரித்தார். மேசைமேல் அவள் எடுத்த மரத்தின் படம் கிடந்தது.

“காலேஜ ஆரம்பிச்ச எங்க அப்பா பேர இதுக்கு வச்சிருங்க மேடம். மத்தத எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

முத்துவடிவு தென்காசியில் அந்தக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். பிறந்த ஊர் கடையம். குற்றாலத்துக்கு மேலே மகாராஜாவின் கிராம்புத் தோட்டம் முடிந்து காடு இருள்கிற இடத்தில் கூவையோடை இறங்குகிறது. மூன்று சாரல் காலம் அங்கே அட்டைக்கடி வாங்கி அலைந்து, இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு மரத்தை அவள் கண்டுபிடித்திருந்தாள். கருங்காலி வகை. கன்னங்கரிய பட்டை, அடிமரத்தை ஒட்டியே கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூ. அவள் எழுதிய கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. பெயரை உறுதிப்படுத்தி அனுப்புவதுதான் பாக்கி.

தனக்குச் சொந்தமான அந்த ஓடைக்கரையில் மகாராஜா சொகுசு விடுதி கட்டப் போகிறார் என்பது ஊரறிந்த செய்தி.

“அந்த மரங்கள வெட்டப் போறதாச் சொல்லுதாங்களே சார்?”

“எல்லாத்தையுமா வெட்டுவோம்? நல்லா இருக்கிற ஒண்ண விட்டு வைக்கேன். சுத்தி கருங்கல் மேடை கட்டி, அப்பா பேர பித்தளையில எழுதி வாசல்லயே நிறுத்துவோம். வர்றவன் எல்லாம் போட்டோ எடுப்பான்.”

“சார், இதுல ஆண் மரம் வேற, பொண் மரம் வேற. அங்க இருக்கிறதே பத்துப் பன்னெண்டு மரம். பொண்ணு ஒண்ணே ஒண்ணு. மத்தத வெட்டிட்டா அது காய்க்காது. அதோட இந்த இனமே முடிஞ்சிரும்.”

“அப்ப மாப்பிள்ள பாத்துக் கட்டி வச்சிரலாம்!” என்று அவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

முத்துவடிவு எழுந்துவிட்டாள். “விடுதி வாசல்ல நிக்க வைக்கதுக்கு நான் மரம் தேடல சார். அப்பா பேர வைக்க மாட்டேன்.”

அவரிடம் யாரும் அப்படி முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அதனாலேயே அவர் அதைப் பேரம் என்று எடுத்துக்கொண்டார். “ரெண்டு நாள் யோசிங்க” என்றார்.

அவளுடைய வீட்டுக்காரன் பேச்சிமுத்து குற்றாலத்தில் தலைமைக் காவலர். செய்தி அவள் வருவதற்கு முன்பே அவனிடம் வந்துவிட்டிருந்தது.

“ஒரு பேருதானட்டி. வச்சா என்ன கொறஞ்சு போயிரும்? வேல போச்சுன்னா?”

“போவட்டும்.”

“என்னட்டி இப்படிச் சொல்லுத!”

“பின்ன எப்படிச் சொல்லணும்? பேர வச்சிட்டு, நான் பேரு வச்ச மரத்த அவரு வெட்டுதத நின்னு பாக்கணுமா?”

அவள் அன்று மாலையே கணினியைத் திறந்து, கருங்காலி இனத்தின் லத்தீன் பெயரோடு ஓடையின் பெயரைச் சேர்த்து மரத்துக்கு வைத்தாள். டயோஸ்பைரோஸ் கூவையென்சிஸ். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அனுப்பினாள்.

ஆய்விதழ் வெளிவந்த வாரத்தில் கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். அழைப்பிதழில் ‘நிறுவனர் ஐயா பெயரில் புதிய மரம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அவள் என்ன பெயர் வைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. தன் பேச்சு நடந்திருக்கும் என்பதில் மகாராஜாவுக்குச் சந்தேகமே இல்லை. மேடையில் பொன்னாடை போர்த்தி ஒலிபெருக்கியை அவளிடம் கொடுத்தார்கள்.

“அழைப்பிதழ்ல தப்பா அடிச்சிருக்கு” என்று தொடங்கினாள் முத்துவடிவு. “மரத்துக்கு யார் பேரும் வைக்கல. கூவையோடை பேருதான் வச்சிருக்கு. அந்தக் கரையில இருக்கிற மரங்கள விடுதிக்காக வெட்டப் போறாங்க. உலகத்துல வேற எங்கேயும் அது இருக்கிறதா இதுவரைக்கும் தெரியல. வெட்ட விடாதீங்க.”

பின்வரிசை மாணவிகள் கைதட்டினார்கள். கைதட்டல் முன்வரிசைக்கு வரவில்லை.

மேடைக்குப் பின்னால் மகாராஜா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். “நாளைக்கே பேர மாத்துங்க.”

“மாத்த முடியாது சார். அச்சுல வந்துட்டா வந்ததுதான். நானே நெனச்சாலும் முடியாது. செடி கொடிக்குப் பேரு வைக்கதுல உலகம் பூரா அதான் சட்டம்.”

மறுநாள் பணியிடைநீக்க உத்தரவு வந்தது. பொருட்களை எடுக்கப் போனபோது, அவளோடு பத்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட சங்கரேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “கருங்காலி” என்றாள், காதில் விழும்படி.

வலித்தது. ஆனாலும் முத்துவடிவு நின்று, “ஆமா. அந்த இனம்தான்” என்றாள்.

மலையில் மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் மனு நாளன்று வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தாள். மகாராஜாவின் விண்ணப்பமும் அங்கேதான் கிடந்தது. அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் வருவதற்குள் பார்ப்பதற்கு மரமே இல்லாமல் செய்துவிடலாம் என்று மகாராஜா கணக்குப் போட்டார்.

சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, வனக்காப்பாளர் அப்துல் ஜப்பார் போன் செய்தார். “மேடம், மிஷின் ரம்பம் மேல போயிட்டு. நான் ஒத்த ஆளு, சொன்னாக் கேக்க மாட்டேங்கானுவ. ரேஞ்சருக்குச் சொல்லிட்டேன். அவரு வந்து சேர நேரமாவும்.”

பேச்சிமுத்து அருவிக்கரை டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் செருப்பை மாட்டுவதைப் பார்த்தான். போகாதே என்று சொல்லவில்லை. தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். “வழுக்கும். பாத்துப் போ” என்றான்.

தோட்டத்தைத் தாண்டியதும் ரம்பத்தின் இரைச்சல் கேட்டது. ஓடைக்கரையில் மூன்று மரங்கள் ஏற்கெனவே சாய்ந்து கிடந்தன. மூன்றும் ஆண். வெட்டுவாயில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அழுதால் நேரம் போய்விடும் என்று நேரே நடந்தாள். காக்காய்க்கறுப்புப் பட்டையோடு காய் பிடித்து நின்ற பெண் மரத்தின் அடியில் ஈர மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

போலீஸ் கோட்டைப் பார்த்ததும் ரம்பக்காரன் மிஷினை அணைத்துவிட்டான். “அம்மா, ஸ்டேஷன்லருந்து வாறீங்களா?”

அவள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். “இல்ல. நான் வாத்திச்சி. எனக்கு எந்த அதிகாரமும் கெடையாது. அனுமதி இல்லாம வெட்டுதீய. கேசு வந்தா முதலாளி பேரு வராது, ரம்பம் பிடிச்சவன் பேருதான் வரும். அதையும் மீறி வெட்டணும்னா என்னையும் சேத்து வெட்டு.”

அவன் அவளையும் ரம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ரம்பத்தைப் பாறைமேல் வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தான்.

சிறிது நேரத்தில் மகாராஜாவே குடைபிடித்து ஏறி வந்தார். “என் எடம், என் மரம். எந்திரிங்க மேடம், அசிங்கமாப் போயிரும்.”

“எடம் ஒங்களுது சார். நானும் இல்லங்கல. ஆனா இந்த மரம் ஒங்க தாத்தாவுக்குத் தாத்தா பொறக்கதுக்கு முன்னாலேயே இங்கன நின்னுக்கிட்டிருக்கு.”

“ஏலே, தூக்கி அப்பால விடுங்கலே!”

வெட்ட வந்த ஆட்கள் யாரும் அசையவில்லை. ரம்பக்காரன் மட்டும் பீடியை வாயிலிருந்து எடுக்காமல், “பொம்பளைய நாங்க தொட மாட்டோம் அண்ணாச்சி” என்றான்.

மழை வலுத்தது. அவள் அசையாமல் நனைந்தாள். ரேஞ்சரும் தாசில்தாரும் வழுக்கிக்கொண்டு மேலே வந்தபோது அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. அப்துல் ஜப்பார் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. வெட்டுண்ட மரங்களைப் படம் எடுத்தார்கள். ரம்பத்தைப் பறிமுதல் செய்தார்கள்.

குழு அனுமதி மறுத்தது. வெட்டிய மூன்றுக்கும் மகாராஜாமேல் வழக்கு நடக்கிறது. அந்த மூன்று மரங்கள் போனது போனதுதான். முத்துவடிவு அவற்றை நினைக்காத நாள் இல்லை. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆலங்குளத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்திக்கொண்டே கல்லூரிமேல் அவளும் வழக்குப் போட்டிருக்கிறாள்.

போன வாரம் கல்லூரியின் வழக்கறிஞர் வீட்டுக்கே வந்தார். “ஒரு மன்னிப்புக் கடிதம். ரெண்டே வரி. திங்கக்கிழமையே வேலையில சேந்திரலாம்” என்றார். பேச்சிமுத்து காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியையே பார்த்தான்.

“எதுக்கு மன்னிப்பு? செஞ்சது தப்புன்னா கோர்ட்டு சொல்லட்டும்” என்றாள் முத்துவடிவு. “திங்கக்கிழமை எனக்கு ஒழியாது சார். மேல காய் பழுத்துட்டு. வெத பொறுக்கப் போறேன்.”

வழக்கறிஞர் உதவி கேட்பதுபோல் பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

“எனக்கும் அன்னைக்கு லீவுதான் சார்” என்றான் அவன். “நானும் கூடப் போறேன்.”