எக்ஸ்ரேக்காரரின் உப்புச் சுரங்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆக வேண்டியதே இல்லை. ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம் லேசான கட்டுரை ஒன்றுதான் கேட்டார்: பழைய வீட்டுக் கணினியில் ஆடப் பிடித்த சாகச விளையாட்டுகள். படிக்கிறவர்கள் சிரிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அந்தக் கணினிகளைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கீழ்வீட்டு எக்ஸ்ரேக்காரர் ஒருகாலத்தில் அதிலேயே பழியாய்க் கிடந்தவர் என்று கேள்வி. பேனாவும் கையுமாகப் படியிறங்கினேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"அவரால சரியாப் பேச முடியாதுங்க. உக்காருங்க, நான் சொல்றேன்."

அவள் சொன்னதில் கட்டுரைக்கு உதவியது கொஞ்சம். மிச்சம்தான் இது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

*பகலெல்லாம் ஆஸ்பத்திரி இருட்டறையில் பிறர் எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர், மாலையில் வீடு திரும்பி இன்னோர் இருட்டுக்குள்*

வேண்டாம். வாக்கியம் மினுக்குகிறது, ஆனால் கதை அவருடையது அல்ல, அவளுடையது. மறுபடியும்.

அந்தக் கணினிக்கென்று தனித் திரை கிடையாது. வீட்டு டி.வி.யில்தான் சொருக வேண்டும். வில்லங்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. அவள் பகல் முழுக்க டிரைவர்களோடு தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவாள். காலை நீட்டி ஏதாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், டி.வி.யை அவர் பிடித்துவைத்திருப்பார். விளையாட்டு இருப்பது கேசட்டில். அது கணினிக்குள் ஏறி முடிக்கிற வரை, பூனை வாலை மிதித்த மாதிரி வீடு முழுக்க ஒரே கீச்சு. பாதியில் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து.

(படமா என்று கேட்காதீர்கள், படமெல்லாம் இல்லை. "நீ ஒரு கதவின் முன் நிற்கிறாய்" என்று எழுத்து வரும். நாம் "கதவைத் திற" என்று தட்ட வேண்டும். இரண்டு வார்த்தைக்கு மேல் போனால் அதற்குப் புரியாது. அதற்குத் தமிழும் தெரியாது. இங்கே பேசவைத்திருப்பது நான்.)

அவருக்குப் பிடித்தவை மூன்று. பனியில் சிக்கிய கப்பல் ஒன்று. கதவுக்குள் கதவாகப் போய்க்கொண்டே இருக்கும் பாழடைந்த மாளிகை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக உப்புச் சுரங்கம். கையில் ஒரு விளக்கோடு சுரங்கத்துக்குள் இறங்கி, காது கேட்காத காவல்காரனைத் தாண்டி, மறுபக்கத்துக் கடலுக்கு வெளியேற வேண்டும்.

அவ்வப்போது அவர் திரும்பிப் பார்க்காமலே கூப்பிடுவார்.

"கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காரேன். இந்தக் காவக்காரன என்ன பண்றதுன்னே தெரியல."

"எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. நீங்களாச்சு, உங்க காவக்காரனாச்சு."

அவருக்கு நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாரா? இதை நான் கேட்டபோது அவள் புடவைத் தலைப்பின் ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "எத்தனை தடவ ஆடியிருப்பாரு. தெரியாமலா இருந்திருக்கும்," என்றாள்.

3

பிறகு வீடு மாற்றினார்கள், இந்தக் கீழ்வீட்டுக்கு. அறை ஒன்று குறைவு. பழைய சாமான்காரர் வாசலில் வந்து நின்றபோது அவர் டியூட்டியில் இருந்தார். அவள் கணினியையும் கேசட் பெட்டியையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கோபத்தில் கொடுக்கவில்லை. கோபத்தில் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் கொடுத்தேன் என்கிறாள்.

மாலையில் அவரிடம் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சரி, விடு."

அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருநாள் கத்தியிருந்தால் பதிலுக்கு நாலு கத்தி, அதோடு முடிந்துபோயிருக்கும்.

(இந்த இடத்தில் "அவள் கண் கலங்கினாள்" என்று எழுதியிருந்தேன். படித்துக்காட்டியபோது, "நான் எங்கங்க அழுதேன்? எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு, என் மேலயே," என்றாள். திருத்திவிட்டேன்.)

4

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பியது. பேச்சுதான் வரவில்லை. தட்டுத் தடுமாறி வந்தால் இரண்டு வார்த்தை: "தண்ணி எடு." "ஜன்னல் திற." பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், அவருக்கு ஆசையான விஷயம் ஏதாவது இருந்தால் அதை வைத்துப் பேசிப் பழக்குங்கள் என்றாள். டைம் கீப்பருக்குத் தான் தூக்கிக் கொடுத்த கணினி நினைவுக்கு வந்தது.

தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் விசாரித்தாள். கடைசியில் ஒரு மாட்டு டாக்டர் அகப்பட்டார். பழைய கணினிகளை வீடு நிறையச் சேர்த்துவைத்திருப்பவர். அதே மாடல், அதே உப்புச் சுரங்கம். ஞாயிற்றுக்கிழமை தானே தூக்கிக்கொண்டு வந்து மாட்டிக்கொடுத்தார்.

(இந்த டாக்டர்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதைக்கு வசதியாக வந்து நிற்கிற நல்லவர். கஞ்சனாக்கிப் பார்த்தேன், சிடுமூஞ்சியாக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை. சிலர் நல்லவர்களாகவே இருந்து தொலைக்கிறார்கள்.)

5

அவர் விரல்கள் எழுத்துகளின் மேல் தடுமாறின. அதனால் அவள் தட்டினாள், அவர் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து பார்த்தார். அவர் "விளக்கு எடு" என்றால் எடுத்தாள், "கீழ போ" என்றால் போனாள். பேச்சில் தடுமாறுகிறவருக்குச் சுரங்கத்துக்குள் தடுமாற்றம் குறைந்தது.

காவல்காரன் வந்தான். வழியை விடமாட்டேன் என்று நின்றான். டிப்போவில் பேசிய வாய் சும்மா இருக்குமா? "தள்ளிப் போடா தடியா" என்று தட்டினாள். "தடியா என்ற சொல் எனக்குத் தெரியாது" என்றது கணினி. அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, தோள் குலுங்க. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. மாட்டு டாக்டரும் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். அடுத்த அறையில் என்ன இருக்கும் என்று அவளுக்கே பரபரத்தது. இது தனக்குப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. முன்பே பிடித்திருக்கும். வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் வாய் நிறையப் பேசக்கூடிய காலத்தில், இருவரும் சேர்ந்து அந்தத் தடியனைத் திட்டியிருக்கலாம்.

இதற்குமேல் இந்தப் பத்தியை நீட்ட எனக்கு

6

டாக்டர் கிளம்ப எழுந்தார். அவர்களே வைத்துக்கொள்ளட்டும், தன்னிடம் இன்னொன்று இருக்கிறது என்றார். அப்போது எக்ஸ்ரேக்காரர் அந்தக் கணினியைத் தடவிப் பார்த்தார். தங்கள் பழையதுதானா என்று ஓரத்தைத் திருப்பி எதையோ தேடினார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நம்ம பெட்டி... எங்க?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அவள் அதைக் கொடுத்தது, அன்று மாலை சொன்னது, தான் "விடு" என்றது எல்லாமே அவர் தலையிலிருந்து அழிந்துபோயிருந்தன. மன்னித்தவருக்கே மன்னித்தது நினைவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

டாக்டர் வாசலில் செருப்பை மாட்டுகிற மாதிரி நின்றுகொண்டே இருந்தார்.

7

ஒரு முடிவு: அவள் பொய் சொன்னாள். "பரண்ல இருக்குங்க, ரிப்பேரு." அவர் தலையாட்டினார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார், ஒவ்வொரு ஞாயிறும் அவள் சொன்னாள்.

இன்னொன்று: உண்மையைச் சொன்னாள். அவர் கத்த நினைத்தார், வார்த்தை வரவில்லை. அவள் அந்த வார்த்தைகளைத் தானே எடுத்துக்கொடுத்து, அவருக்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

மூன்றாவது, அவர் மறுபடி "விடு" என்றார். இதை எழுதிய கையோடு கிழித்துவிட்டேன். மன்னிப்பை அவ்வளவு மலிவாகக் கொடுத்துவிட மனமில்லை.

எது நடந்தது என்று அவளிடமே கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னவள் இதற்கு மட்டும் எழுந்து உள்ளே போனாள். வந்து, "அது எனக்கும் அவருக்கும். உங்க பத்திரிகைக்கு இல்ல," என்றாள்.

நியாயம்தான். அதனால் அவள் எழுந்த நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். பெட்டி எங்கே என்று அவர் உங்களைத்தான் பார்க்கிறார். அவருக்கு அவசரம் இல்லை, எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். நீண்ட வாக்கியம் வேண்டாம், அவருக்குப் பிடிபடாது.

சொல்லுங்கள்.